ஜீவா ஒண்ணுக்குப் போயிட்டானா?

என் கிளினிக்கில் யாரும் வணக்கம் சொல்லி ஆரம்பிப்பதில்லை. நான் 'ஒண்ணுக்குப் போச்சா?' என்பேன், எதிரில் நிற்பவர் 'போகலையே டாக்டர்' என்பார், அத்தோடு அன்றைய தொழில் தொடங்கிவிடும்.

திண்டிவனத்தில் செஞ்சி போகிற ரோட்டில், டயர் கடைக்கும் பரோட்டா கடைக்கும் நடுவில் இருக்கிறது என் கிளினிக். வாரத்தில் சில நாள் விழுப்புரத்தில் என் சீனியரின் கிளினிக்கிலும் உட்காருவேன். காய்ச்சல், சொறி, உண்ணி எல்லாம் பார்க்கிறேன்தான். ஆனால் எந்த நேரத்தில் பிறந்தேனோ, நீர் அடைப்பு, நீர்க்கடுப்பு, கல், கசிவு என்று இந்த ஒரே டிபார்ட்மெண்ட் என்னைத் தேடித் தேடி வருகிறது. நாய் எப்போது காலைத் தூக்கும் என்று தெருவிளக்குக் கம்பத்தடியில் தவம் கிடந்தவர்களே, பூனை மணல் தட்டில் போய் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து வருவதைப் பார்த்துப் பதறியவர்களே, இது உங்களுக்காகத்தான். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது படியுங்கள்.

விளக்கெண்ணெய் வைத்தியம்

ஜினதாஸ் நயினார் ஊரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருப்பவர். செஞ்சிப் பக்கத்து சமணக் குடும்பம், வழிவழியாகச் சைவம். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். வீட்டில் அவர், அவர் மனைவி பத்மாவதி அம்மா, ஜீவா என்கிற ஆண் பூனை. அந்த ஜீவாவைத்தான் ஒரு கூடைக்குள் வெள்ளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்கள். "முக்கிக்கினே இருக்கான் டாக்டர், வெளிய போக மாட்டேங்குது. விளக்கெண்ணெய் குடுத்தோம்" என்றார் பத்மாவதி அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூனை முக்கினால் மலச்சிக்கல் என்று யார் சொன்னது? ஆண் பூனையின் நீர்க்குழாய் குண்டூசி கனம்தான் இருக்கும். ரவை மாதிரி நாலு துகள் வந்து அடைத்தால் போதும், மூத்திரம் உள்ளே தேங்கி விஷமாகிவிடும். ரெண்டு நாள் விட்டால் உயிர் இருக்காது. வயிற்றைத் தொட்டேன், மூத்திரப்பை எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, கல்லாக இறுகியிருந்தது.

மயக்கம் கொடுத்து, மெல்லிய கதீட்டர் குழாயை நுழைத்து, உப்புத் தண்ணீர் பீய்ச்சி, இழுத்து, மறுபடி பீய்ச்சி, கழுத்து வலிக்க வலிக்கப் போராடினேன். திடீரென்று வழி விட்டது. விட்டது என்றால் எப்படி! சட்டை, கண்ணாடி, நெற்றி என்று ஒரு இடம் பாக்கியில்லை. நான் நனைந்துபோய், ஊரையே ஜெயித்தவள் மாதிரி பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் பத்மாவதி அம்மா அழுதுகொண்டே கும்பிட்டார். எங்கள் கிளினிக்கைக் கட்டி மேய்க்கும் எஸ்தர் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கல்யாண வீட்ல பன்னீர் தெளிச்ச மாதிரி நிக்கிறீங்களே டாக்டர், போய் மூஞ்சக் கழுவினு வாங்க."

குழம்புக் கரண்டி

விழுப்புரத்தில் பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர், லேப்ரடார் வளர்க்கிறார். நீர்க்கடுப்பு. சாம்பிள் கொண்டு வாருங்கள் என்று சுத்தமான டப்பா ஒன்றும் கொடுத்து அனுப்பினேன். சொல்வது சுலபம். அந்த நாய் பின்னால் டப்பாவோடு ஒரு மனுஷன் குனிகிறான் என்று தெரிந்ததுமே காலை இறக்கிவிட்டு, 'என்ன சார் வேணும்?' என்பது போலத் திரும்பிப் பார்க்குமாம். இவர் லுங்கியோடு பின்னாலேயே ஓட, அது முன்னால் ஓட, தெருவே வேடிக்கை பார்த்திருக்கிறது. உங்களில் எத்தனை பேர் இப்படி ஓடியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

நீளமான காம்பு வைத்த குழம்புக் கரண்டியால் எட்ட நின்று பிடியுங்கள் என்று யோசனை சொன்னேன். மறுநாள் காலையில் மனிதர் டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோப்பை வாங்கியவர் போல வந்தார். அருமையான சாம்பிள். கிருமி என்னவென்று பார்த்து, அதற்கேற்ற மருந்து கொடுத்து, அந்த வாரமே நாய் பழையபடி கம்பம் கம்பமாக ரவுண்டு அடிக்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். "சார், அந்தக் கரண்டியத் தூக்கிப் போட்டுட்டீங்க இல்ல? திரும்ப சமையலுக்கு எடுத்துடாதீங்க" என்றேன். அவர் என்னை ஆறுதல் படுத்தும் குரலில் சொன்னார்: "அது எங்க வீட்டுது இல்ல டாக்டர், பக்கத்து வீட்ல வாங்கினு வந்தது, அன்னிக்கே கழுவிக் குடுத்துட்டேன்."

கலெக்டருக்கு வரலை

கிளினிக்கில் கூட்டம். வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. "டாக்டரம்மா! கலெக்டருக்கு மூத்திரம் வரல! ஜல்தியா வாங்க!" என்று ஒரு அலறல். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருவர் மடித்துக் கட்டிய வேட்டியைக்கூட இறக்கிவிட்டார். உள்ளே வந்தது வெள்ளாட்டுக் கிடா. பனமலைப் பக்கத்திலிருந்து அஞ்சலை என்கிற கூலி வேலை செய்யும் அம்மா தோளில் சுமந்து வந்திருந்தார். குட்டியிலேயே காயடித்தது, விற்கவும் மாட்டார், வெட்டவும் மாட்டார், வீட்டுக்குள்ளேயே பாயில் படுக்கும் செல்லப்பிள்ளை. தழை கொடுக்காமல் அரிசியும் நொய்யுமாக ஊட்டியிருக்கிறார். தானியம் தின்று வளர்ந்த காயடித்த கிடாவுக்குக் கல் வராமல் என்ன செய்யும்?

ஆட்டில் ஒரு சௌகரியம் உண்டு. நீர் வரும் இடத்தின் நுனியில் புழு மாதிரி ஒரு சின்ன வால் இருக்கும், கல் பெரும்பாலும் அங்கேதான் வந்து மாட்டும். அதை நறுக்கிவிட்டால் தீர்ந்தது, ஆட்டுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு நறுக்கினேன். கலெக்டர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு, நின்ற இடத்திலேயே, ஓயாமல் போனார் பாருங்கள், வாசல் படி வரைக்கும் ஓடியது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். அஞ்சலை மட்டும் ஆட்டின் காதைப் பிடித்துத் திருகினார்: "நான் கேப்பைக் கூழு குடிச்சிக்கினு இவனுக்கு அரிசி போட்டேன் டாக்டரம்மா, அந்தக் கொழுப்புதான் கல்லா வந்து நின்னுக்குது!"

மதில் மேல் சமாதானம்

ஜீவா திரும்ப வந்தான். அதே கூடை, அதே துண்டு, அதே அடைப்பு. மறுபடி கதீட்டர், மறுபடி பன்னீர். இந்த முறை நயினாரையும் பத்மாவதி அம்மாவையும் எதிரில் உட்கார வைத்துப் பேசினேன். பூனை உடம்பு கறிக்கும் மீனுக்கும் செய்யப்பட்டது, தயிர்சாதமும் பாலுமே கொடுத்தால் மூத்திரத்தின் தன்மை மாறி உள்ளே துகள் கட்டும், அதற்கென்று தனி உணவு இருக்கிறது, ஆனால் அதில் கோழி சேர்ந்திருக்கிறது என்றேன். முட்டைக்கே வாசலில் நிற்க அனுமதி இல்லாத வீடு அது. எனக்கே சங்கடமாகப் போய்விட்டது. தண்ணீர் நிறைய வைக்கிறீர்களா என்று கேட்டேன். "காலை, மத்தியானம், சாயங்காலம்னு மாத்தி மாத்தி, துணியில வடிகட்டி வெக்கறேன் டாக்டர்" என்றார் பத்மாவதி அம்மா. அதற்குமேல் என்ன கேட்பது?

கடைசியில் நயினார் தொண்டையைச் செருமினார். பின் வீட்டில் ஒரு டெய்லரம்மா இருக்கிறார்களாம், மீன் சமைக்கிறவர்கள், ஜீவாவின் மேல் கொள்ளைப் பிரியமாம். அந்தத் தனி உணவை அங்கே கொடுத்து வைத்துவிடலாம் என்று எனக்குச் சட்டென்று புரிந்தது. 'அப்போ அவன் அங்க போய்ச் சாப்பிட்டா பரவாயில்லையா?' என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கையமர்த்திவிட்டுச் சொன்னார்: "பகல்ல அவன் மதில் ஏறிப் போவான் டாக்டர், அங்க போய் என்ன பண்றான்னு நாங்க கேட்டுக்கறதில்ல."

மாப்பிள்ளை ஷூ

விழுப்புரத்தில் ஒரு வீட்டில் பொண்ணுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை முதல் முறையாக மாமியார் வீட்டில் தங்க வந்திருக்கிறார். வந்த அன்றே அந்த வீட்டுப் பொமரேனியன் அவர் ஷூவில் ஒண்ணுக்கு அடித்தது. மறுநாள் பை. அதற்கப்புறம் அவர் படுத்திருந்த கட்டிலிலேயே. "நாய்க்குத் தெரியும் டாக்டர், யார் எப்படிப்பட்டவங்கன்னு" என்று மாமியார் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். குடும்பத்துக்குள் ஒரு தனி விசாரணையே நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் இருக்குமோ, வேறு ஏதாவது இருக்குமோ என்று சொந்தக்காரர்களுக்குப் போன்கூடப் போட்டுவிட்டார்கள். அவரோ ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு பாவம், வெளியே நின்றார்.

எக்ஸ்ரே எடுத்தேன். மூத்திரப்பைக்குள் கோலிக்குண்டு சைஸில் இரண்டு கல். அந்த நாய் ஷூவிலும் அடித்திருக்கிறது, சோபாவிலும் அடித்திருக்கிறது, பூஜை அறை வாசலிலும் அடித்திருக்கிறது. மாப்பிள்ளை பொருளில் அடித்ததை மட்டும்தான் இவர்கள் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். சீனியரும் நானும் ஆபரேஷன் செய்து கல்லை எடுத்தோம். நாய் தேறியதும் முதல் வேலையாக மாப்பிள்ளை மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. நான் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கி முடித்ததும், மாமியார் ஏமாற்றத்தை மறைக்க முடியாமல் கேட்டார்: "அப்போ மாப்ள நல்லவருதானா டாக்டர்?"

கத்தியா, கையா

இத்தனை கொண்டாட்டத்துக்கு நடுவில் ஜீவா மூன்றாவது முறையும் அடைத்துக்கொண்டு வந்தான். இந்தத் தடவை கூடையில் அவன் உட்காரவில்லை, கிடந்தான். உடம்பு சில்லிட்டிருந்தது, இதயம் ஆடி ஆடி அடித்தது. அடைப்பை எடுத்த பிறகும் நாள் முழுக்க டிரிப்ஸ் ஓடியது. எஸ்தர் அக்கா வெந்நீர் பாட்டிலை மாற்றி மாற்றி வைத்தார். மண்டியைப் பூட்டிவிட்டு நயினார் வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பத்மாவதி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பசங்க ஃபோன்ல பேசறாங்க டாக்டர், இவன்தான் கூட இருக்கான்" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர்கள் மேல் இல்லை, பூனை மேலும் இல்லை. உணவு சரி, மாத்திரை சரி, பின் வீட்டு டெய்லரம்மா ஒரு வேளை தவறவிடுவதில்லை. அப்புறம் எங்கேதான் தப்பு நடக்கிறது?

சாயங்காலம் ஜீவா தலையைத் தூக்கி என் விரலைக் கடித்தான். அந்தக் கடிக்கு நான் பட்ட சந்தோஷம் சொல்லி மாளாது. விழுப்புரத்துக்கு ஃபோன் போட்டு சீனியரிடம் பெருமையடித்தேன். ஆண் பூனையின் அந்தக் குழாயையே வெட்டி அகலமாக்கி விடும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. இவ்வளவு நொந்துபோன உடம்பு அதைத் தாங்குமா என்பது சந்தேகம். சீனியர் என் பெருமையை எல்லாம் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவ அடைச்சா கத்திய எடு, இல்ல கையக் கழுவிடு, நடுவுல ஒண்ணும் கிடையாதும்மா."

பொழுது சாய்வதற்கு முன்னால்

ஜீவா பிழைத்த சந்தோஷத்தில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். "பொழுது சாயறதுக்கு முன்னாடி வந்துடுங்க டாக்டர், அப்புறம் எங்க வீட்ல அடுப்பும் இல்ல, சாப்பாடும் இல்ல" என்றார் நயினார். இருட்டில் சின்னஞ்சிறு பூச்சிகள் தெரியாமல் சாப்பாட்டிலும் தண்ணீரிலும் விழுந்து செத்துவிடக் கூடாது என்பதற்காக, பொழுது சாய்ந்த பிறகு சமணர்கள் சாப்பிடுவதில்லை. இவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை; பகலிலும் உயிர் எதுவும் உள்ளே போய்விடக் கூடாது என்று துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். எனக்குத் தெரிந்த விஷயம்தான். வாழைக்காய் பொரியல், மோர்க்குழம்பு, அப்பளம் என்று வெயில் இருக்கும்போதே ஒரு பிடி பிடித்தேன். ஜீவா அரிசி மூட்டைமேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். மதில் ஏறிப் போகிற நேரம் போக, பகலெல்லாம் இப்படித்தான், ராத்திரிதான் ஆட்டம் என்றார்கள். ராத்திரியில் எலி பிடிக்கப் போய்விடக் கூடாது என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிடுவார்களாம்.

நான் கை கழுவிக்கொண்டு திரும்பினேன். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. பத்மாவதி அம்மா சமையலறைப் பக்கம் போனார். தண்ணீர்க் குடத்தைத் தட்டால் மூடினார். டம்ளர்களைக் கவிழ்த்தார். அப்புறம் குனிந்து, ஜீவாவின் கிண்ணத்துத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அதையும் துடைத்துக் கவிழ்த்தார். பகலெல்லாம் தூங்குகிற பூனை, ராத்திரியெல்லாம் முழித்திருக்கிற பூனை. அதுவும் இந்தத் திண்டிவனத்து வெயிலில். அதற்குத் தண்ணீர் வேண்டிய நேரம் முழுக்கக் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது, வெளியே போய்க் குடிக்கலாம் என்றால் கதவும் சாத்தியிருக்கிறது! "ஐயோ, கொல்றீங்களேம்மா!" என்று கத்திவிட்டேன். எறும்பைக்கூடத் தாண்டி நடக்கிற வீட்டில் அந்த வார்த்தை விழுந்தது. பத்மாவதி அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த வீட்ல இருக்கற ஜீவன் டாக்டர். இவனும் எங்கள மாதிரி இருந்தா அடுத்த பொறவியில மனுஷனா வருவான்னுதான் செஞ்சேன். நல்லதுன்னுதான் செஞ்சேன்" என்று அழுதார். படிப்பில் அதற்கெல்லாம் மருந்து சொல்லிக் கொடுக்கவில்லை. ராத்திரி தண்ணீர் வைத்தே ஆகவேண்டும் என்று மட்டும் பிடிவாதமாகச் சொன்னேன். "வெச்சா, பூச்சி விழுந்தா, அந்தப் பாவம்?" என்றார் அவர். விட்டுக் கொடுப்பதாகத் தெரியவில்லை. நயினார் குனிந்து, கவிழ்த்த கிண்ணத்தை எடுத்து நிமிர்த்தி மனைவியின் மடியில் வைத்தார். "விரதம் நாமளா எடுத்துக்கறது. இவன் எங்க எடுத்தான்? நம்ம பசங்க கைக்கொழந்தையா இருந்தப்போ ராத்திரி பால் குடுத்தியே பத்மா. இவன் மட்டும் எப்போ பெரியவனானான்?"

அந்த அம்மா கிண்ணத்தோடு எழுந்தார். விளக்கைப் போட்டார். மூடிய குடத்தைத் திறந்து, துணியில் வடிகட்டி, கிண்ணம் நிறைய ஊற்றி வைத்து, "வாடா" என்று கூப்பிட்டார். ஜீவா சோம்பல் முறித்து இறங்கி வந்து, குடித்தான். குடித்தான், குடித்துக்கொண்டே இருந்தான். நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் அந்த நக்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். நயினார் மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். நான் துடைக்கவில்லை, அப்படியே அழுதேன்.

பூச்சி விழுகிற கவலைக்கு மறுவாரம் வழி கண்டுபிடித்தேன். கரண்டில் ஓடுகிற குட்டி நீரூற்று ஒன்று பூனைகளுக்கென்றே ஆன்லைனில் கிடைக்கிறது. மேலே மூடி, தண்ணீர் மெல்ல வழிந்துகொண்டே இருக்கும், உள்ளே வடிகட்டியும் உண்டு. ஜீவா இப்போது ராத்திரி எல்லாம் அதன் எதிரில்தான் சப்பணம் போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறானாம். அதற்கப்புறம் ஒரு முழுக் கோடை வந்து போய்விட்டது, அக்னி நட்சத்திரமும் போய்விட்டது. கத்தியும் எடுக்கவில்லை, கையும் கழுவவில்லை, ஒரு தடவைகூட அடைக்கவில்லை! தினமும் விடிந்ததும் பத்மாவதி அம்மா ஜீவாவின் மணல் தட்டை, ஈரம் நன்றாகத் தெரிகிற மாதிரி, படம் பிடித்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறார். அந்த நீரூற்றைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று அவர் மூடியைக் கழற்றி, வடிகட்டியை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "வடிகட்டியோட பண்ணியிருக்காங்களே டாக்டர், இதப் பண்ணவங்க கண்டிப்பா எங்க ஆளுங்களாத்தான் இருப்பாங்க!"

என் ஃபோனில் பெற்ற பிள்ளைகளின் படத்தைவிட ஊரான் வீட்டுப் பூனையின் ஈர மணல் படம்தான் அதிகம் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் குறைப்பட்டுக்கொள்கிறார், அவருக்கு எங்கே தெரியப்போகிறது வெற்றி என்றால் என்னவென்று.